அண்டங்கடந்த கதைகளும் அவைக்களத்து வழக்குகளும்

கதை கேட்போர் இருவகையினர். சொல்லப்பட்டதைச் சொல்லப்பட்டவாறே ஏற்று மகிழ்ந்து எழுந்து செல்வோர் ஒரு சாரார். கேட்டு முடித்தபின், "அவன் அவ்வாறு செய்தது தகுமா? அது அவ்வாறு நடத்தல் கூடுமா?" என்று வினா எழுப்பி, விடை காணும் வரை உறக்கங் கொள்ளாதோர் மற்றொரு சாரார். விண்வெளிச் சாகசத் திரைப்படங்களைப் பார்த்துவிட்டு, அவற்றில் வரும் பாத்திரங்களைப் பற்றியும் கதைப்போக்கின் பொருத்தத்தைப் பற்றியும் மணிக்கணக்காக வழக்காடும் இக்காலத்து இளைஞர் இந்த இரண்டாஞ் சாராரைச் சேர்ந்தவராவர். "பாடத்தைப் படியாமல் இதென்ன வீண்பேச்சு?" என்று அவர்களைக் கண்டு முகஞ்சுளிக்கும் பெரியோரும் உளர். அப்பேச்சு உண்மையிலேயே வீண்பேச்சுத்தானா, அன்றி நம்மவர் நெடுங்காலம் பயின்ற ஒரு பயிற்சியின் புதிய கோலமா என்பதைச் சிறிது ஆராய்ந்து பார்த்தல் தகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிப் பகுதியிலே, வல்வெட்டித்துறைக் கடற்கரையிலிருந்து சிறிது தெற்கே உள்நாட்டில் அமைந்த ஊர் உடுப்பிட்டி. கல்விக்கும் தமிழ்ப் புலமைக்கும் பெயர் போன ஊர் அது. செய்யுள் பாடுவதிலும் மாணாக்கருக்குப் பாடஞ் சொல்வதிலும் புகழ்பெற்று விளங்கிய சிவசம்புப் புலவர் 19ஆம் நூற்றாண்டிலே அங்கு வாழ்ந்தவர். அவ்வூரிலும், அதனைச் சூழவுள்ள கரவெட்டி, புலோலி, வல்வெட்டித்துறை முதலிய ஊர்களிலும், குடாநாட்டின் பிற பாகங்களிலும், கோயில் மண்டபங்களிலே புராண படனம் நிகழ்ந்து வந்தது. ஒருவர் செய்யுளைப் பண்ணோடு வாசிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவார். சூழ்ந்திருப்போருள் எழுத்தறியாதோரும் இருப்பர்; இலக்கணங் கற்றோரும் இருப்பர். பயன் சொல்பவர் ஓரிடத்திலே வழுவினாராயின், சபையிலிருந்து ஒரு தடை எழும். அத்தடைக்கு அவர் விடை கூறியே மேற்செல்லல் வேண்டும். இவ்வாறு நாட்கணக்காகவும் வாரக்கணக்காகவும் வாசிக்கப்பட்ட நூல்களுள் முதன்மை பெற்றது கச்சியப்ப சிவாசாரியார் இயற்றிய கந்தபுராணம். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்தாரின் பண்பாட்டைக் "கந்தபுராண கலாசாரம்" என்று பெயரிட்டு வழங்கியமை நேயர்கள் பலரும் அறிந்ததே.

அந்நூலின் அரங்கேற்றத்தைப் பற்றிய ஐதிகம் ஒன்று இங்கு நினைக்கத் தக்கது. காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்திலே நூலை அரங்கேற்றத் தொடங்கியபொழுது, முதற் செய்யுளின் முதற் சொற்புணர்ச்சிக்கே இலக்கண விதி இல்லையென்று சபையிலிருந்த ஒருவர் தடை கூறினாராம். அன்றைய அரங்கேற்றம் நின்றது. மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியம் என்னும் இலக்கண நூலை விரித்து, அப்புணர்ச்சிக்கு விதி அங்குள்ளதைக் காட்டினாராம். வந்தவர் முருகப்பெருமானே என்று அன்பர் கூறுவர். தடை சொன்னவரை எவரும் வசைபாடி வெளியேற்றியதாக இந்த ஐதிகம் கூறவில்லை. தெய்வமே வந்து விடை சொல்லிற்று எனினும், அத்தெய்வமும் ஒரு நூலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, ஆதாரங் காட்டியே விடை சொல்லிற்று. வழக்காடுவோருக்கு இதனினும் சிறந்த முன்மாதிரி வேறு யாது?

கந்தபுராணத்தின் கதையோ மண்ணுலகத்தோடு அடங்குவதன்று. சூரபன்மன் ஆண்டது ஓர் அண்டத்தையன்று; 1008 அண்டங்களை. அவன் ஆட்சிக்காலம் 108 யுகங்கள். நினைத்த இடத்துக்கு நினைத்தவாறு செல்லும் இந்திரஞாலத் தேர் அவனிடம் இருந்தது. அண்டங்களின் அமைப்பைக் கூறுவதற்கென்றே அசுர காண்டத்தில் அண்டகோசப் படலம் என்று ஒரு படலம் உள்ளது. இதனைக் கொண்டு, இன்றைய விஞ்ஞானம் அனைத்தும் அன்றே நம்மவர் கண்டவை என்று பெருமை பேசுவது பொருந்தாது. புராணம் புராணமே, வான நூல் வான நூலே. ஆயினும் ஒன்று உறுதி. அண்டம் விட்டு அண்டம் செல்லும் போர்க்கதையை, கலன்களும் சேனைகளும் வானை மறைக்கும் கதையை, உடுப்பிட்டியைச் சூழ்ந்த ஊர்களிலே பாட்டனும் பாட்டியும் பாயில் அமர்ந்து கேட்டனர். கேட்டதோடு அமையாமல் அதன் பாத்திரங்களை எடைபோடவும் செய்தனர்.

எடைபோடத்தக்க இடங்கள் அந்நூலிலே பல உண்டு. சூரபன்மனின் சேனை பெரிதும் மாண்டபின், அவன் தாயாகிய மாயை தோன்றி, இறந்தோரை எழுப்பவல்ல மந்தரகூடம் என்னும் மலையைப் பற்றிக் கூறுகின்றாள். இந்திரஞாலத் தேர் சென்று அம்மலையைக் கொணர, மாண்ட அவுணர் உயிர்பெற்று எழுகின்றனர். பின் முருகன் விடுத்த படையினால் மறுபடியும் அழிகின்றனர். இதனைக் கேட்கும் ஒருவர், "இப்படியொரு மலை உண்டென்று அத்தாய் முன்னரே ஏன் சொல்லவில்லை? மகனும் தம்பியரும் ஒவ்வொருவராக வீழும்வரை ஏன் வாளாவிருந்தாள்?" என்று வினவினால், அது நகைத்து ஒதுக்கத்தக்க வினாவன்று. இனி, சிங்கமுகனை நோக்குக. தேவரைச் சிறைவிடுமாறு தமையனுக்கு அறிவுரை கூறியவன் அவன். அறிவுரை ஏற்கப்படாதபோது, தமையன் பக்கமே நின்று பொருது மாண்டான். தீயது என்று தான் அறிந்த ஒரு பக்கத்துக்காக உயிர் கொடுத்தவனை நல்லவன் என்பதா, அல்லன் என்பதா? இராமாயணத்துக் கும்பகருணனையும் வீடணனையும் எதிரெதிர் நிறுத்திப் பட்டிமன்றங்கள் இன்றும் வாதிடுவது இவ்வினாவையே அன்றோ?

இனித் திரைப்படங்களுக்கு வருவோம். 1961ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் யூரி ககாரின் விண்வெளியை வலம் வந்தார். 1963ஆம் ஆண்டிலே, ஏ. காசிலிங்கம் இயக்கத்தில், எம். ஜி. இராமச்சந்திரனும் பி. பானுமதியும் நடித்த "கலை அரசி" என்னும் தமிழ்ப்படம் வெளிவந்தது. விஞ்ஞானத்திலே மிக முன்னேறியும் இசையும் நடனமும் அறியாத ஒரு கிரகத்தார், பூமிக்கு வந்து ஒரு கலைச்செல்வியைக் கவர்ந்து செல்வதே அதன் கதை. கவர்ந்து செல்பவராக எம். என். நம்பியார் நடித்தார். அயற்கிரகத்தார் நல்ல தமிழ் பேசுகின்றனர். "அவர்கள் எங்கே தமிழ் படித்தனர்?" என்று கேட்டுச் சிரிப்பது எளிது. ஆனால் அவ்வாறு சிரிப்பவர், வீரமகேந்திரத்து அவுணர் விருத்தப்பாவிலே பேசுவதைக் கேட்டுச் சிரிப்பதில்லை. ஏன்?

விடை நம் இலக்கண மரபிலேயே உள்ளது. தொல்காப்பியம் உலகியல் வழக்கு என்றும் நாடக வழக்கு என்றும் இரண்டைப் பிரித்துப் பேசுகின்றது. உலகிலே உள்ளவாறு நிகழ்வது உலகியல் வழக்கு. கதைக்கும் கவிதைக்கும் இசைவாகப் புலவன் அமைத்துக்கொள்வது நாடக வழக்கு. அவுணன் தமிழ் பேசுவதும் அயற்கிரகத்தான் தமிழ் பேசுவதும் நாடக வழக்கு. அவற்றை உலகியல் வழக்கின் அளவுகோலால் அளந்தால், அளப்பவனே பிழைபடுவான். இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். அது அறத்தின் வழக்கு: ஒரு பாத்திரம் செய்தது தகுமா, தகாதா என்பது. விண்வெளிப் படங்களைப் பற்றி எழும் வழக்குகளெல்லாம் பெரும்பாலும் இம்மூன்று மன்றங்களுள் ஒன்றைச் சேர்ந்தவை. எந்த வழக்கு எந்த மன்றத்துக்கு உரியது என்று முதலில் தெரிந்துகொள்ளாமையே பெரும்பாலான வீண்சண்டைகளுக்குக் காரணம்.

முதலாவது, உலகியல் மன்றம். 2013ஆம் ஆண்டு வெளிவந்த "கிராவிட்டி" என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம். விண்ணிலே பழுதுபார்க்கும் பணியில் இருப்போர், தம் கலம் சிதைந்தபின், ஹபிள் தொலைநோக்கி அருகிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்தை நோக்கிச் சிறிய உந்துகருவி ஒன்றின் துணையால் செல்கின்றனர். ஹபிள் தொலைநோக்கி பூமிக்கு மேலே ஏறத்தாழ 500 கிலோமீற்றர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 28.5 பாகை சாய்ந்த பாதையிலே சுற்றுவது. விண்வெளி நிலையமோ சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில், 51.6 பாகை சாய்ந்த பாதையிலே சுற்றுவது. உயரம் வேறு, பாதையின் சாய்வும் வேறு. ஒரு பாதையிலிருந்து மற்றதற்கு மாறுவதற்கு மிகப் பெரிய உந்துவிசை வேண்டும். முதுகிற் சுமந்த கருவி போதாது. இத்தடை செல்லுபடியாகும் தடை. ஏனெனில், அப்படம் தன் கதை இன்றைய உலகிலே, உண்மையான கலங்களிலே நிகழ்வதாகச் சொல்லிக்கொள்வது. உலகியலைச் சாட்சிக்கு அழைத்தவர், அச்சாட்சியின் குறுக்கு விசாரணைக்கும் உட்பட்டேயாக வேண்டும்.

அதே படத்தில் மற்றொரு காட்சி. கயிறுகளிலே சிக்கித் தொங்கும் பெண்ணைக் காப்பதற்காக, அவளைப் பற்றியிருந்த ஆண்மகன் தன் பிணைப்பை அவிழ்த்துவிட்டு விண்ணிலே மறைகின்றான். பலர் கண்ணீர் விட்ட காட்சி அது. உடுப்பிட்டி வாசிகசாலை ஒன்றின் விறாந்தையிலே, இதனைப் பற்றி இளைஞன் ஒருவனும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் உரையாடுவதாகக் கற்பனை செய்வோம்.

"மாஸ்ரர், கயிறு இறுகி இரண்டு பேரும் நின்றாயிற்று. பிறகு அவரை எது வெளியே இழுத்தது? அங்கே கீழ் நோக்கி விழுகிறதென்று ஒன்றில்லையே. ஒரு சிறு சுண்டு சுண்டியிருந்தால் அவர் தானாகவே திரும்பி வந்திருப்பார்."

"தம்பி, நின்றாயிற்றென்று நீர் எப்படிச் சொல்லுகிறீர்? கயிறு அவ கால்களிலிருந்து மெல்ல மெல்ல வழுகிக்கொண்டிருந்ததோ இல்லையோ?"

"வழுகினது போலவும் தெரிந்தது, மாஸ்ரர்."

"தெரிந்ததோ, இல்லையோ? இன்னொரு முறை பார்த்துவிட்டு வாரும். வழுகியிருந்தால் அவர்கள் நிற்கவில்லை. நிற்கவில்லையென்றால் உம்முடைய தடை போச்சு. நின்றிருந்தால் உம்முடைய தடை நிற்கும்."

இந்த உரையாடல் முடியும்பொழுது நிகழ்ந்தது யாது? ஓர் இளைஞன் நியூற்றனின் முதல் விதியைப் பரீட்சைக்காக அன்றித் தன் வழக்கை வெல்வதற்காகக் கையில் எடுத்தான். ஓர் ஆசிரியர் அவனுடைய முடிவை மறுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை. சாட்சியை மறுபடி நோக்குமாறு அனுப்பினார். வகுப்பறையிலே பல நாள் முயன்றும் கைகூடாத ஒன்று, விறாந்தையிலே ஒரு மாலைப்பொழுதில் கைகூடுதல் சாலும்.

தொழில் அறிந்தவன் கதையைத் தொழிலின் அறிவு கொண்டு சோதிப்பது இப்பகுதிக்குப் புதியதன்று. 1930ஆம் ஆண்டு வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், பின் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பெற்று, வல்வெட்டித்துறை மாலுமிகளோடு பெருங்கடல் கடந்து, 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அத்தகைய கடலோடிகள் வாழ்ந்த கரையிலே, காற்று எதிரே அடிக்கப் பாய் விரித்து ஓடியதாக ஒருவன் கப்பற்கதை சொன்னால், கேட்போர் வாய்மூடி இருப்பரோ? விண்கலத்தின் கதையைக் கேட்டு வினவுபவனும் அவர்களுடைய பேரனே.

இரண்டாவது, நாடக மன்றம். கற்பனை செய்தவன் தன் கற்பனை உலகுக்கு எந்த விதியையும் வகுக்கலாம். வகுத்தபின் அவ்விதிக்கு அவனும் அடங்கல் வேண்டும். 1977ஆம் ஆண்டு ஜோர்ஜ் லூக்காஸ் உருவாக்கிய "ஸ்டார் வார்ஸ்" படத்திலே, ஹான் சோலோ என்னும் கலமோட்டி தன் கலத்தின் வேகத்தைப் புகழும்பொழுது, குறித்த ஓர் ஓட்டத்தைப் பன்னிரண்டு பார்செக்கினும் குறைவாக முடித்ததாகக் கூறுகின்றான். பார்செக் என்பது வான நூலார் வழங்கும் தூர அளவு. ஒரு பார்செக் ஏறத்தாழ 3.26 ஒளியாண்டு, அதாவது சுமார் 31 இலட்சம் கோடி கிலோமீற்றர். வேகத்தைச் சொல்ல வந்தவன் தூரத்தைச் சொன்னான். "யாழ்ப்பாணத்துக்கு இருபது மைலுக்குள் போய்ச் சேர்ந்தேன்" என்று ஒருவன் தன் துவிச்சக்கரவண்டியின் விரைவைப் புகழ்வது போன்றது இது. எழுதியவர் தவறினார் என்றனர் ஒரு சாரார். கலமோட்டி வீம்பன், கேட்போரை ஏமாற்றப் பார்க்கிறான் என்றனர் மற்றொரு சாரார். ஆபத்தான பகுதியைச் சுற்றிச் செல்லாமல் ஊடறுத்துச் சென்றமையால் தூரமே குறைந்தது என்றனர் வேறு சிலர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின், 2018ஆம் ஆண்டு வெளிவந்த "சோலோ" என்னும் படம், அந்த மூன்றாவது விடையையே கதையாக்கிக் காட்டிற்று. கேட்போர் எழுப்பிய தடைக்குக் கதை சொல்வோர் விடை கூற நேர்ந்தது. குமரகோட்டத்து அரங்கேற்றத்துக்கும் இதற்கும் உள்ள உறவு வெளிப்படை.

தமிழிலே விண்வெளிப் படம் என்று விளம்பரம் பெற்று 2018ஆம் ஆண்டு வெளிவந்த "டிக் டிக் டிக்" படத்தில், பூமியை நோக்கி வரும் விண்கல்லைத் தகர்க்கும் பணிக்கு, வித்தை காட்டும் ஒருவனும் அவன் கூட்டாளிகளும் குறுகிய பயிற்சியின்பின் விண்ணுக்கு அனுப்பப்படுகின்றனர். 1998ஆம் ஆண்டின் "ஆர்மகெடன்" என்னும் ஆங்கிலப் படத்திலோ, எண்ணெய்க்கிணறு தோண்டுவோர் அவ்வாறு அனுப்பப்பட்டனர். "தோண்டுவோனை விண்வெளி வீரனாக்குவது எளிதா, விண்வெளி வீரனுக்குத் தோண்டக் கற்பிப்பது எளிதா?" என்று அக்காலந் தொட்டுப் பார்வையாளர் வினவி வருகின்றனர். இதற்கு உலகியல் மன்றத்தில் விடை தேடவேண்டியதில்லை. அக்கலை மிக அரியது, நாளிற் கற்க இயலாதது என்று கதை தன்னுள்ளேயே நிலைநாட்டியதா என்று பார்த்தாற் போதும். நிலைநாட்டியிருப்பின் வழக்குத் தள்ளுபடி. இல்லையேல் கதைக்குத் தோல்வி.

இம்மன்றத்தின் மிகச் சிறந்த வழக்கு இலங்கையோடு தொடர்புடையது. 1956ஆம் ஆண்டு முதல் இலங்கையிலே குடியேறி, 2008ஆம் ஆண்டு கொழும்பிலே காலமான எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், ஸ்டான்லி கியூப்ரிக் என்னும் இயக்குநரோடு சேர்ந்து எழுதிய கதை "2001: விண்வெளிப் பயணம்" என்னும் பொருள்படும் தலைப்போடு 1968ஆம் ஆண்டு படமாக வெளிவந்தது. வியாழனை நோக்கிச் செல்லும் கலத்தை ஆளும் ஹால் என்னும் கணினி, தவறே செய்யாதது எனப் புகழப்பட்டது. அதுவே கலத்திலுள்ளோரை ஒருவர்பின் ஒருவராகக் கொல்லத் தலைப்படுகின்றது. ஏன்? படம் தெளிவாகச் சொல்லவில்லை. கணினிக்குப் பித்துப் பிடித்தது என்றனர் சிலர். மனிதரினும் தான் மேல் என்று அது செருக்குற்றது என்றனர் வேறு சிலர். தன்னை நிறுத்திவிடுவர் என்று அஞ்சித் தற்காப்புக்காகக் கொன்றது என்றனர் மற்றுஞ் சிலர். கிளார்க் 1982ஆம் ஆண்டு வெளியிட்ட அடுத்த நாவலிலே விடை தந்தார். உண்மையை உள்ளவாறு கூறுவதற்கென்றே படைக்கப்பட்ட அக்கணினிக்கு, பயணத்தின் உண்மை நோக்கத்தை உடன்செல்வோரிடம் மறைக்குமாறு ஆணையிடப்பட்டது. உண்மையும் பேசவேண்டும்; மறைக்கவும் வேண்டும். அந்த முரண்பாட்டினுள் அது சிக்கிச் சிதைந்தது. பொய் சொல்லக் கற்பித்தவர் மனிதர். பழி சுமந்தது கருவி. இம்முடிச்சை அவிழ்ப்பவராக அந்நாவலிலே வரும் கணினி விஞ்ஞானியின் முழுப்பெயர் யாதெனில், சிவசுப்பிரமணியம் சந்திரசேகரம்பிள்ளை என்பதாம். வடமராட்சியின் எந்த வீட்டுப் படலையிலும் எழுதிவைக்கத்தக்க பெயர் அது.

அதே படத்தில் விண்வெளி வீரன் ஒருவன் தலைக்கவசமின்றிச் சில விநாடி வெற்றிடத்திலே இருந்து உயிர் பிழைக்கின்றான். இது கூடாது என்றனர் பலர். 1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலே, வெற்றிட அறையொன்றிற் சோதனைக்கு உட்பட்ட ஒருவரின் உடையிலே கசிவு ஏற்பட்டபொழுது, சுமார் 14 விநாடி அவர் நினைவோடிருந்து, பின் காற்று நிரப்பப்பட்டதும் நலமே மீண்டார். ஆகவே அக்காட்சி உலகியல் மன்றத்திலே பெரும்பாலும் வென்றது. ஆயினும் வெற்றிடத்தில் நுழைபவன் மூச்சை அடக்கலாகாது, அடக்கினால் நுரையீரல் சிதையும் என்பது மருத்துவர் கூற்று. ஒரே காட்சியிலே பாதி சரி, பாதி பிழை என்று தீர்ப்பு வருவதும் உண்டு. அத்தீர்ப்பைப் பொறுமையோடு ஏற்பவனே நல்ல வழக்காளி.

மூன்றாவது, அறத்தின் மன்றம். "ஸ்டார் வார்ஸ்" படத்தின் தொடக்கப் பகுதியிலே, ஹான் சோலோவைப் பிடித்துச் செல்ல வந்த கிரீடோ என்பவன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு எதிரே அமர்கின்றான். மேசைக்குக் கீழே மறைத்துவைத்த துப்பாக்கியால் ஹான் அவனைச் சுட்டு வீழ்த்துகின்றான். 1997ஆம் ஆண்டு இப்படம் மறுபடி வெளியிடப்பட்டபொழுது, கிரீடோ முதலிற் சுட்டுத் தவறியதாகவும், அதன் பின்னரே ஹான் சுட்டதாகவும் லூக்காஸ் காட்சியை மாற்றினார். பின் வந்த பதிப்புகளிலும் அக்காட்சி திருத்தப்பட்டது. பார்வையாளர் பலர் இதனை ஏற்கவில்லை. தன்னலம் ஒன்றையே கருதிய ஒருவன், கதை வளர வளரத் தோழருக்காகத் தன்னை ஈயும் நிலைக்கு உயர்வதே அப்பாத்திரத்தின் சிறப்பு. தொடக்கத்திலேயே அவனைக் குற்றமற்றவனாக்கினால் உயர்வுக்கு இடமேது என்பது அவர்களுடைய வாதம்.

தமிழ் கற்றோருக்கு இவ்வழக்கின் மூத்த வழக்கு நன்கு தெரிந்தது. மறைந்து நின்று வாலியை எய்தது அறமா என்ற வினாவைக் கம்பர் மூடி மறைக்கவில்லை. அம்பு பட்டு வீழ்ந்த வாலியின் வாயிலேயே அவ்வினாவை வைத்து, இராமனை நோக்கி நிமிர்ந்து கேட்கச் செய்தார். தன் தலைவனுக்குக் குறை வரும் என்று அஞ்சிக் காட்சியைத் திருத்தியிருப்பாராயின், எத்தனை நூற்றாண்டுப் பட்டிமன்றங்களை நாம் இழந்திருப்போம்! பாத்திரத்தின் மீது வினா எழுவது படைப்புக்கு இழுக்கன்று. வினாவே எழாத பாத்திரத்தை எவரும் நெடுநாள் நினைவில் வைத்திருப்பதில்லை.

இவ்வளவும் வழக்காடலின் நன்மை. அதன் தீமையையும் சொல்லாது விடலாகாது. 2017ஆம் ஆண்டு வெளிவந்த "ஸ்டார் வார்ஸ்" வரிசைப் படமொன்றிலே, பழைய வீரன் லூக் மனமுடைந்து ஒதுங்கி வாழ்பவனாகக் காட்டப்பட்டமை பெரும் பிளவை உண்டாக்கிற்று. அவ்வாறு காட்டியது தகுமா என்பது நல்ல வழக்கு. ஆனால் சிலர் அவ்வழக்கோடு நில்லாமல், அப்படத்தில் நடித்த கெல்லி மாரி டிரான் என்னும் இளம் நடிகையின் இனத்தையும் தோற்றத்தையும் இழித்துரைக்கத் தொடங்கினர். 2018ஆம் ஆண்டு அவர் பொதுவெளியில் இட்டிருந்த தம் பதிவுகளை அகற்றிக்கொண்டார். கதையிலுள்ள பாத்திரத்தோடு பொருத வேண்டியவர், நடித்த மனிதரோடு பொருதனர். இதனை வழக்காடல் என்பதில்லை. வன்முறை என்பதே தகும்.

இவ்விடத்திலே நம் கோயில் வீதிகள் ஒரு பாடம் புகட்டுகின்றன. கந்தசட்டி இறுதியில் சூரன்போர் நிகழும்பொழுது, சூரனின் திருவுருவைத் தோளிலே சுமந்து, முன்னும் பின்னும் ஓடி, சுழன்று ஆடுவோர் ஊர் இளைஞரே. சூரன் ஆடும் ஆட்டத்தின் மிடுக்கைக் கண்டு கூட்டம் ஆரவாரிக்கும். சூரன் வீழும்போது மகிழும். ஆனால் சூரனைச் சுமந்த இளைஞனை, போர் முடிந்தபின் எவராவது பகைத்ததுண்டா? அவனுக்கும் அன்னதானப் பந்தியிலே இலை போடப்படும். பாத்திரம் வேறு, சுமப்பவன் வேறு என்பதை எழுத்தறியாத பாட்டியும் அறிவாள்.

குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றையும் இங்கு நினைத்தல் வேண்டும். 1990ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்து வீடுகளிலே மின்சாரம் இல்லை. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைக் கையாற் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. ஒருவர் சுழற்ற, பலர் செவிசாய்த்துக் கேட்பர். படம் பார்க்க வழியில்லாத அத்தலைமுறை, வெளியூர் சென்று படம் பார்த்து வந்தவன் வாயிலாகக் கதையைக் கேட்டது. கேட்டுவிட்டு, "பிறகு என்ன நடந்தது? அவன் ஏன் அப்படிச் செய்தான்?" என்று துருவியது. அத்தலைமுறையினரில் பலர் இன்று தொரொன்றோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழ்கின்றனர். உடுப்பிட்டியிலிருக்கும் மருமகனும் கனடாவிலிருக்கும் மாமனும் ஒரே படத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் வழக்காடுகின்றனர். உறவினர் பலருக்கு நலம் விசாரித்தபின் பேசுவதற்குப் பொருள் இல்லாது போகும் இக்காலத்தில், இரு தலைமுறையை ஒரு மணிநேரம் பேசவைக்கும் பொருள் ஒன்று இருப்பது நன்றே.

ஆகவே பெரியோர் செய்யத்தக்கது யாது? இப்பேச்சைத் தடுப்பதன்று, அதற்கு ஒழுங்கு கற்பிப்பது. நன்னூலார் காண்டிகையுரையின் உறுப்புகளுள் வினாவையும் விடையையும் சேர்த்தே வைத்தார். அந்நூலுக்குக் காண்டிகையுரை எழுதிய ஆறுமுக நாவலர் பிறந்த மண்ணிலே, வினா எழுப்பும் பிள்ளையை அடக்குவது மரபாகாது. வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் மாதத்தில் ஒரு மாலையை இதற்கென ஒதுக்கலாம். எல்லோரும் பார்த்த ஒரு படம், ஒரு வினா, இரு பக்கம், ஒரு நடுவர். விதிகள் மூன்றே போதும். வழக்கு எந்த மன்றத்துக்கு உரியது என்று முதலிற் சொல்ல வேண்டும். படத்திலோ நூலிலோ உள்ள சான்றைக் காட்டியே பேச வேண்டும். ஆளைப் பற்றிப் பேசுவோர் அமர வேண்டும். உலகியல் வினா எழுந்தால், அவ்வூர்ப் பாடசாலையின் பௌதிக ஆசிரியரை அழைக்கலாம். அற வினா எழுந்தால், புராணத்துக்குப் பயன் சொல்லிப் பழகிய முதியவரை அழைக்கலாம். அவருக்கு அந்தப் படம் தெரியாதிருக்கலாம், சிங்கமுகனைத் தெரியும். அது போதும்.

அவ்வாறு ஒரு மாலை கூடும்பொழுது, அந்த முதியவர் தமக்குப் பக்கத்தில் அமர்ந்த சிறுவனை நோக்கி, "தம்பி, உந்தக் கணினி ஏன் கொன்றது?" என்று கேட்பார். சிறுவன் விளக்குவான். பின் அவன் அவரை நோக்கி, "அப்பு, மந்தரகூடத்தைப் பற்றி அந்தத் தாய் ஏன் முன்னரே சொல்லவில்லை?" என்று கேட்பான். அவ்வினாவுக்கு விடை தேடி அம்முதியவர் வீட்டுக்குச் சென்று, நெடுநாள் திறவாத கந்தபுராண ஏட்டை மறுபடி விரிப்பாராயின், அம்மாலைப்பொழுது வீணாயிற்று என்று எவர் சொல்வார்?